பிப்ரவரியில் செரெங்கெட்டி போகலாமா? ஆறு இரவுகளை எங்கே கழிப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: பிப்ரவரி நடுவில்தான் விடுப்பு கிடைக்கிறது. ஆறு இரவுகள். உடன் மனைவியும், முதுகுவலி உள்ள அறுபத்தெட்டு வயது அப்பாவும் வருகிறார்கள். தான்சானியாவின் செரெங்கெட்டிக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் வில்டபீஸ்ட் எனப்படும், மாட்டைப் போலத் தோற்றமளிக்கும் பெரிய மான்களின் மந்தைகள் முதலைகள் நிறைந்த ஆற்றில் குதித்துக் கடக்கும் காட்சி ஜூலைக்குப் பிறகுதான் என்று கேள்விப்பட்டதால், இப்போது போனால் பணம் வீணாகுமா, அல்லது கென்யாவின் மாசாய் மாராவுக்குப் போகலாமா என்று குழம்புகிறீர்கள். ‘பிக் ஃபைவ்’ எனப்படும் ஐந்து விலங்குகளையும் (சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம்) பார்த்துவிட முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அஞ்சுவது, விருந்து முடிந்த பிறகு பந்தியில் போய் உட்காரப் போகிறோமோ என்பதைத்தான். அந்த அச்சம் தேவையில்லை. பிப்ரவரி நடுப்பகுதியில் செரெங்கெட்டியின் தெற்கே நடப்பது, என் கணக்கில், ஆற்றைக் கடக்கும் காட்சியை விடப் பெரியது. சரியான இடத்தில் தங்கினால் மட்டுமே அது கிடைக்கும். எனவே ‘எப்போது’ என்பதைக் காட்டிலும் ‘எங்கே’ என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

நான் வனவிலங்கு உயிரியல் படித்தவன். வடக்குத் தான்சானியாவின் அரூஷா நகரில் பல ஆண்டுகள் சஃபாரிப் பயணங்களைத் திட்டமிடும் வேலையில் இருந்தேன். விலங்குகள், நிலம், பாதைகள், முகாம்கள் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்கிறேன். தடுப்பூசி, மருந்து பற்றிச் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். செரெங்கெட்டி தேசியப் பூங்கா சுமார் 14,763 சதுர கிலோமீட்டர். அதன் தென்கிழக்கில் இங்கோரோங்கோரோ மலைத்தொகுதியும், கெரிமாசி, ஓல் டொயின்யோ லெங்காய் ஆகிய எரிமலைகளும் நிற்கின்றன. லெங்காய் இன்றும் உயிருள்ள எரிமலை. கடைசியாக 2007, 2008 ஆண்டுகளில் பெரிய அளவில் சாம்பலைக் கக்கியது. பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த மலைகள் கக்கிய சாம்பலைக் கீழைக்காற்று மேற்கே தள்ளிக்கொண்டுபோய்ச் சமவெளியில் பரப்பியிருக்கிறது. அந்தச் சாம்பல் மழையில் நனைந்து, காய்ந்து, மேல்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் காரை போல இறுகிவிட்டது. மரத்தின் வேரால் அதைத் துளைக்க முடியவில்லை. புல் மட்டுமே பிழைக்கிறது. அடிவானம் வரை ஒரு மரம்கூட இல்லாமல் பச்சையாக விரிந்து கிடக்கும் அந்தக் காட்சிக்குக் காரணம் இதுதான்.

அந்தப் புல் கணுக்கால் உயரம்கூட இருக்காது. ஆனால் சாம்பல் மண்ணில் வளர்வதால் சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பரஸும் நிறைந்தது. வயிற்றில் கன்றைச் சுமக்கும், பால் கொடுக்கும் தாய் விலங்குகளுக்கு இவை இரண்டும் கட்டாயம் வேண்டும். வடக்கே போகப் போக மழை கூடுகிறது. தென்கிழக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர், வடமேற்கில் அதைப்போல் இரு மடங்கு. அங்கே புல் இடுப்பளவு வளர்கிறது, ஆண்டு முழுக்கத் தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் புல்லில் சத்துக் குறைவு. ஆக, தெற்கே சத்து இருக்கிறது, நிலையான தண்ணீர் இல்லை; வடக்கே தண்ணீர் இருக்கிறது, சத்து இல்லை. மழை பெய்து தெற்கின் குட்டைகளில் நீர் நிற்கும் சில மாதங்கள் மட்டும் விலங்குகளால் சத்தான புல்லை மேய முடியும். நவம்பர் மழையோடு அவை தெற்கே வருகின்றன; மே மாதத்தில் குட்டைகள் வற்றி, மீந்த நீர் உப்பேறும்போது கிளம்புகின்றன. ‘பெரும் இடப்பெயர்வு’ என்று பேசப்படுவதன் அடிப்படைக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வு. ஆற்றைக் கடப்பது அந்த வட்டப்பாதையில் வரும் ஓர் இடையூறு மட்டுமே. விலங்குகள் ஆண்டு முழுக்க நடப்பது தெற்கின் இந்தப் புல்லுக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

நீங்கள் போகும் நேரத்தில் அவை அங்கே இருக்கும். சும்மா இருக்காது, கன்று ஈனும். ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை வில்டபீஸ்ட்கள் ஈனுகின்றன. அவற்றில் பெரும்பங்கு இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஈன்றுவிடுகின்றன. பெரும்பாலான ஆண்டுகளில் அந்த வாரங்கள் பிப்ரவரியில் வரும். லட்சக்கணக்கான கன்றுகள் ஒரே நேரத்தில் பிறப்பதற்குக் காரணம் உண்டு. சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்றாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தின்ன முடியும். கன்றுகள் மாதக்கணக்கில் ஒன்றிரண்டாகப் பிறந்திருந்தால் ஏறக்குறைய எல்லாமே இரையாகியிருக்கும். ஒரேயடியாகப் பிறப்பதால் வேட்டையாடிகள் திணறிப்போகின்றன. பெரும்பாலான கன்றுகள் முதல் வாரத்தைத் தாண்டிவிடுகின்றன. முன்னதாகவோ பின்னதாகவோ தனித்துப் பிறக்கும் கன்றுகள்தான் அதிகம் பலியாகின்றன.

ஈனும் காட்சியை நேரில் காண்பது அரிது அல்ல. காலை ஒன்பது மணிக்கு மேல் மந்தையின் ஓரத்தில் பொறுமையாக வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு வில்டபீஸ்ட் பசு படுக்கும், எழும், நாலடி நடக்கும், மீண்டும் படுக்கும். வால் அடியில் இரண்டு வெளிறிய குளம்புகள் தெரியும். அந்தக் கட்டத்தில் ஏதேனும் மிரட்டினால் அது பிரசவத்தை நிறுத்திவைத்துக்கொண்டு மந்தையோடு ஓடக்கூடியது. தலை வெளியே வந்துவிட்ட பிறகுதான் அதனால் நிறுத்த முடியாது. கன்று ஈரமாக, மங்கிய பழுப்பு நிறத்தில் புல்லில் விழும். தாய் நக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னங்கால்களை ஊன்றப் பார்க்கும், முகம் குப்புற விழும், மறுபடி எழும். ஏழெட்டு நிமிடங்களில் நான்கு கால்களிலும் நிற்கும். சிறிது நேரத்தில் தாயின் விலாவை ஒட்டியபடி ஓடும். மான் குட்டிகளைப் போலப் புல்லில் ஒளிந்துகொள்ளும் வழக்கம் இதற்கு இல்லை. பிறந்த நிமிடத்திலிருந்து தாயைப் பின்தொடர்வதுதான் இதன் ஒரே பாதுகாப்பு.

அந்தப் பின்தொடரும் குணமே சில வேளைகளில் எமனாகவும் ஆகிறது. கலவரத்தில் தாயைத் தவறவிட்ட கன்று, கண்ணில் படும் எந்த அசையும் உருவத்தையும் நோக்கிப் போகும். எங்கள் வண்டியை நோக்கியே ஒரு கன்று வந்து, பின்சக்கரத்தின் அருகே நின்று, டயரை முகர்ந்து, கம்மிய குரலில் கத்திக்கொண்டே இருந்தது. தொப்புள்கொடி இன்னும் காயாமல் தொங்கியது. எங்கள் ஓட்டுநர் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, நடக்கும் வேகத்தில் வண்டியை மந்தையை நோக்கி உருட்டினார். கன்று சக்கரத்தை விடாமல் வந்தது. மந்தைக்கு அருகில் போனதும் அது பசுக்களைக் கண்டு விலகி ஓடியது. தாய் கிடைத்ததா என்று நாங்கள் பார்க்கவில்லை. வேறு பசு எதுவும் அதற்குப் பால் கொடுக்காது. அப்படிப்பட்ட கன்று கழுதைப்புலியை நோக்கியே நடந்து போவதையும் பார்த்திருக்கிறேன். பிப்ரவரிப் பயணத்தில் இதையும் பார்க்க நேரிடும் என்பதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. உங்கள் மனைவிக்கும் அப்பாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

வேட்டையாடிகளைப் பொறுத்தவரை, திறந்த புல்வெளியில் சிவிங்கிப்புலியைக் காண இதைவிட நல்ல இடமும் காலமும் எனக்குத் தெரிந்து கிடையாது. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் அஞ்சி அது பகலில் வேட்டையாடுகிறது. கறையான் புற்றின் மேல் ஏறி நின்று நெடுநேரம் தொலைவைப் பார்க்கும். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத திசையில் அது மான் குட்டியைக் கண்டுவிட்டிருக்கும். கழுதைப்புலிகளைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. செரெங்கெட்டியில் அவை தின்பதில் பெரும்பகுதி தாமே வேட்டையாடியது. மந்தை தொலைவில் இருக்கும் மாதங்களில் குட்டிகளைக் குழியில் விட்டுவிட்டு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் நடந்துபோய் இரை தின்று, பால் கொடுக்கத் திரும்பி வரும் தாய்களை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிப்ரவரியில் மந்தை வாசலிலேயே நிற்பதால் அவை கொழுத்துச் சோம்பிக் கிடக்கும். மாலையில் அவற்றின் குழி அருகே அரை மணி நேரம் இருந்து பாருங்கள். குட்டிகள் வெளியே வந்து வண்டியின் நிழலை முகர்ந்து பார்க்கும்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி உறுதியில்லாதது. குறிப்பிட்ட ஒரு வாரத்தில் மந்தை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழை எங்கே பெய்ததோ அங்கே போகும். ஜனவரி பிப்ரவரியில் மழை இடைவெளி விட்டு, புல் காய்ந்துவிட்டால் மந்தைகள் சமவெளியை விட்டு மேற்கே மரங்கள் நிறைந்த பகுதிக்கு நகர்ந்துவிடும். மழை வந்ததும் திரும்பும். மாதவாரியாக அம்புக்குறி போட்ட வரைபடங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை சராசரியைக் காட்டுகின்றன; உங்கள் வாரத்தைக் காட்டவில்லை. ஒரே இடத்தில் மூன்று இரவுகளாவது தங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். மந்தை முப்பது கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்வர ஒரு நாள் கையில் இருக்கும்.

எத்தனை விலங்குகள் என்பதிலும் இப்போது கருத்து வேறுபாடு இருக்கிறது. மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் 1890-களில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தபோது வில்டபீஸ்ட்களும் கொத்துக் கொத்தாக மடிந்தன. சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு அந்த நோய் காட்டை விட்டும் போனது. 1960-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்கள் 1970-களின் கடைசியில் பதின்மூன்று லட்சத்தை எட்டின. அது முதல் விமானக் கணக்கெடுப்புகள் தந்த அந்த எண்ணையே எல்லோரும் சொல்லி வந்தோம். 2025-ல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களைக் கணினி கொண்டு எண்ணி, ஆறு லட்சத்துக்கும் குறைவு என்கிறது. மரநிழலில் நின்றவை விடுபட்டிருக்கலாம். பழைய விமானக் கணக்கு மிகைப்பட்டதாகவும் இருக்கலாம். உங்கள் பயணத்துக்கு இது பொருட்டில்லை. ஆறு லட்சம் என்றாலும் உங்கள் கண் எட்டும் தூரம் நிறைந்திருக்கும்.

ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு வருவோம். மாரா ஆறு செரெங்கெட்டியின் வடகோடியில், கோகடெண்டே பகுதி வழியாகவும் கென்யாவின் மாசாய் மாரா வழியாகவும் ஓடுகிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை மந்தைகள் அதை முன்னும் பின்னுமாகப் பலமுறை கடக்கின்றன. பிரமிப்பான காட்சிதான், மறுக்கவில்லை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வின்படி கூட்டமாக மூழ்கி இறப்பவை மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 6,250. அந்த உடல்களால் மீன்களும் பாறுகளும் ஆறும் வாழ்கின்றன. ஆனால் அதைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது, கரையில் ஆயிரம் விலங்குகள் தயங்கி நிற்பதையும், எதிர்க்கரையில் வண்டிகள் முண்டியடிப்பதையும்தான். நான்கு மணி நேரம் காத்த பிறகு, ஒரு வண்டி முன்னே நகர்ந்ததால் மந்தை மொத்தமும் திரும்பிப் போய்விடுவது உண்டு. மூன்று நாள் காத்தும் ஒன்றும் காணாமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு காட்சிக்காகவே பயணத்தை ஓராண்டு தள்ளிப்போடாதீர்கள்.

மாசாய் மாரா பற்றிச் சுருக்கமாக: பிப்ரவரியிலும் அங்கே சிங்கம், சிறுத்தை, யானை எல்லாம் நன்றாகப் பார்க்கலாம். ஆனால் அந்த மாதத்தில் பெரும் மந்தை அங்கே இருக்காது. மாரா சரணாலயத்தின் பரப்பு சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். செரெங்கெட்டியில் பத்தில் ஒரு பங்கு. பிப்ரவரி என்றால் செரெங்கெட்டி, அதிலும் தெற்கு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

தெற்கில் நீங்கள் தேட வேண்டிய பெயர் இண்டூட்டு. சோடா ஏரி ஒன்றைச் சுற்றிய வேலமரக் காடும், அதைச் சூழ்ந்த புல்வெளியுமான பகுதி. இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. பலர் இதைக் கேட்காமல் பணம் கட்டிவிடுகிறார்கள். இண்டூட்டுவின் நடுவே ஓர் எல்லைக்கோடு போகிறது. ஒரு பக்கம் இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி, மறுபக்கம் செரெங்கெட்டி தேசியப் பூங்கா. இரண்டுக்கும் வேறு வேறு நிர்வாகம், வேறு வேறு நுழைவுக் கட்டணம். பூங்காவுக்குள் பாதையை விட்டு வண்டி இறங்கக்கூடாது. இங்கோரோங்கோரோ பக்கத்தில் இண்டூட்டு சமவெளியில் விதிகளுக்கு உட்பட்டு இறங்கலாம். சிவிங்கிப்புலி வேட்டையையும் ஈனும் காட்சியையும் நியாயமான தூரத்திலிருந்து பார்க்க இது உதவுகிறது. எனவே முகாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எத்தனை நாள் எந்தப் பக்கத்துக் கட்டணம் விலையில் சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வரியோடு எழுபது, எண்பது டாலர் என்று வைத்துக்கொண்டால் திட்டமிட உதவும். மூன்று பேருக்கு ஆறு நாள் என்றால் அதுவே பெரிய தொகை. ஆகவே சந்தையில் மிக மலிவாக ஒரு விலை சொல்லப்பட்டால், குறைத்தது கட்டணத்தில் அல்ல; வண்டியிலோ ஓட்டுநரிலோ முகாமின் இருப்பிடத்திலோதான் இருக்கும்.

ஆறு இரவுகளை நான் இப்படிப் பிரிப்பேன். கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி, அரூஷா வழியாகக் கரட்டு என்ற ஊரில் முதல் இரவு. அதுவரை தார்ச்சாலை, அப்பாவின் முதுகுக்குச் சிரமம் இல்லை. மறுநாள் விடியலில் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் இறங்கி, மதியத்துக்கு மேல் இண்டூட்டு போய் மூன்று இரவுகள். பிறகு செரெங்கெட்டியின் நடுவே செரோனெராவில் இரண்டு இரவுகள். அங்கிருந்து சிறு விமானத்தில் அரூஷா. திரும்பும் வழியையும் வண்டியில் போட்டால் ஏறத்தாழ எட்டு மணி நேரம், பாதிக்கு மேல் மண்சாலை. அதில் குறுக்கே வரிவரியாக மேடு பள்ளம் விழுந்திருக்கும். வண்டி அதிர்ந்துகொண்டே போகும். முதுகுவலி உள்ளவருக்கு அது ஆகாது. போகும் வழியில் மட்டும் இந்த அதிர்வை ஒருமுறை தாங்கினால் போதும். அன்று அவரை ஓட்டுநருக்கு அருகிலோ நடு இருக்கையிலோ உட்கார வையுங்கள். பின்சக்கரத்துக்கு மேல் உள்ள இருக்கை வேண்டாம். இடுப்புக்கு ஒரு பெல்ட் இருந்தால் எடுத்துப்போகலாம்.

இங்கோரோங்கோரோ பள்ளத்துக்கு அரை நாள் போதும். சுமார் அறுநூறு மீட்டர் ஆழம், அடித்தளம் ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர். விளிம்பில் விடியற்காலையில் கடுங்குளிரும் மூடுபனியும் இருக்கும். கம்பளிச் சட்டை தேவை. ‘பிக் ஃபைவ்’ என்று நீங்கள் கேட்டதில் கருப்புக் காண்டாமிருகம்தான் கடினமானது. அதற்கு உங்கள் நல்ல வாய்ப்பு இந்தப் பள்ளம்தான், அதுவும் பெரும்பாலும் தொலைநோக்கியில் ஒரு கரும்புள்ளியாக. செரெங்கெட்டியில் கள்ளவேட்டையால் அவை ஏறக்குறைய அழிந்தே போயின. மொரு பாறைக்குன்றுகளின் பக்கம் மிஞ்சிய சில உயிர்களிலிருந்து, வனக்காவலர்களின் இரவுபகல் காவலில், மெல்லப் பெருகி வருகின்றன. சிங்கம், யானை, எருமை மூன்றும் இந்தப் பயணத்தில் ஏறத்தாழ உறுதி. சிறுத்தைக்கு செரோனெரா ஆற்றோரத்து மரக்கிளைகளைப் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்த ஐந்தின் பட்டியல் துப்பாக்கியோடு போனவர்கள் போட்டது. சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் அதில் இல்லை, வில்டபீஸ்டும் இல்லை. ஐந்தாவதைத் தேடி அரை நாள் அலைவதற்குப் பதிலாக ஒரே மந்தையருகே அந்த நேரத்தைச் செலவிடச் சொல்லி ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் உங்களுக்காகப் பட்டியலை முடிக்கத்தான் பாடுபடுவார்.

செரோனெரா பகுதியில் தவறவிடக்கூடாதது பாறைக்குன்றுகள். சமவெளியிலிருந்து திடீரென எழும் பழங்காலக் கருங்கல் திட்டுகள். சாம்பல் மூடாத பழைய நிலத்தின் உச்சிகள் அவை. வெயில் காயும் சிங்கங்களும், பாறைப் பிளவில் ஒண்டும் சிறு விலங்குகளும், பல வண்ணப் பல்லிகளும் அங்கே உண்டு. காலை ஆறரை மணி வெளிச்சத்தில் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எல்லாவற்றையும் விட முக்கியமானவர் ஓட்டுநர்தான். அங்கே ஓட்டுநரே வழிகாட்டியும். வண்டிகளுக்கிடையே வானொலியில் தகவல் பறக்கும். ஒரு சிவிங்கிப்புலி என்றால் பத்து நிமிடத்தில் இருபது வண்டிகள். இது வெறும் எரிச்சல் அல்ல. மாசாய் மாராவில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதியில் ஒரு தாய் சிவிங்கிப்புலி சராசரியாக வளர்த்து ஆளாக்கியது 0.2 குட்டி, வண்டிகள் குறைந்த பகுதியில் 2.3. அந்த எண்களைப் படித்த நாளிலிருந்து நான் யாருக்குத் திட்டம் போட்டாலும் ஒரே வேண்டுகோள் வைக்கிறேன்: வேட்டைக்குத் தயாராகும் விலங்கின் முன்னே போகச் சொல்லி ஓட்டுநரை நெருக்காதீர்கள், ஐந்து வண்டிகளுக்கு மேல் சேர்ந்தால் நீங்களாகவே ‘போகலாம்’ என்று சொல்லுங்கள். பயணியே சொன்னால் ஓட்டுநருக்கு அது பெரிய விடுதலை. நல்ல படம் கிடைக்காவிட்டால் அன்பளிப்புக் குறைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் நெருங்கிப் போகிறார்கள்.

மாசாய் மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் புல்வெளியில் மாடு மேய்த்தவர்கள் அவர்கள். 1959-ல் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டபோது இங்கோரோங்கோரோவில் வாழலாம் என்று வாக்குத் தரப்பட்டது. 2022 முதல் அங்கிருந்தும் தொலைவில் உள்ள மிசொமேராவுக்கு அரசு அவர்களைக் குடியேற்றி வருகிறது. விரும்பிப் போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பணத்தை நிறுத்தி நெருக்குகிறார்கள் என்கிறார்கள் மக்களும் மனித உரிமை அமைப்புகளும். மக்கள்தொகையும் மாடுகளும் பெருகியது உண்மை. நிலத்தைக் காத்து வைத்திருந்தவர்களே அதற்கு விலை கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. கிராமம் காட்டுகிறோம் என்று அழைத்துப்போய் இருபது நிமிடத்தில் மணிமாலை விற்கும் நிறுத்தங்களைத் தவிர்த்து, உள்ளூர் மாசாய்காரர்கள் பணிபுரியும் முகாமைத் தேர்ந்தெடுத்து, மாலையில் அவர்களோடு உட்கார்ந்து பேசினால் உங்கள் அப்பாவுக்கு அதுவே பயணத்தின் நல்ல பகுதியாக அமையலாம். மாட்டைப் பற்றி அவர்களுக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் பேச நிறைய இருக்கிறது.

உடல்நலம் பற்றி: மலேரியா உள்ள பகுதி, தடுப்பு மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகள் வழியாக வருபவர்களிடம் இந்தியா சான்று கேட்கிறது; இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. ஆனால் அறுபது வயதைக் கடந்து முதன்முறை இந்த ஊசி போடுபவர்களுக்குக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்றே கூடுதல். எனவே விமானம் முன்பதிவு செய்யும் முன்பே மருத்துவரிடமும், சென்னை கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்திலும் கேட்டு, வளைகுடா வழியாகப் போவதா என்று முடிவு செய்யுங்கள். எந்தெந்த நாடுகளுக்குச் சான்று தேவை என்ற பட்டியல் மாறக்கூடியது; அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும்.

உடையில் கருநீலமும் கருப்பும் வேண்டாம். செட்சே ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். அவற்றைப் பிடிக்க மரங்களில் தொங்கவிடும் துணிகளும் அதே நிறம்தான். மண்நிறத்தில் முழுக்கைச் சட்டை போதும். சிறு விமானத்தில் வழக்கமாகப் பதினைந்து கிலோதான் அனுமதி, அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 முதல் தடை. சைவச் சாப்பாடு எல்லா முகாம்களிலும் கிடைக்கும், முன்பே சொல்ல வேண்டும். கேமராவை விட நல்ல தொலைநோக்கி முக்கியம். ஆளுக்கொன்று இருக்கட்டும், கைமாற்றிக் கொடுப்பதற்குள் சிறுத்தை இறங்கிவிடும்.

பிப்ரவரியில் இண்டூட்டு முகாம்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும், ஆகவே இப்போதே எழுதுங்கள். பயண நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: முகாம் எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம், வண்டி உங்கள் மூவருக்கு மட்டுமா, ஓட்டுநர் இண்டூட்டுவில் எத்தனை பருவங்கள் வேலை செய்திருக்கிறார், மந்தை நகர்ந்துவிட்டால் முழுநாள் தொலைவு போக எரிபொருளுக்குத் தனிக் கட்டணமா, பள்ளத்தில் இறங்க வண்டிக்கான கட்டணம் விலையில் உண்டா. பள்ளக் கட்டணம் மட்டுமே ஒரு வண்டிக்கு வரியோடு முந்நூறு டாலரை நெருங்கும். மூவர் பங்கிட்டாலும் கனமான தொகை. அது கையைக் கடிக்கிறது என்றால் பள்ளத்தை விட்டுவிட்டு இண்டூட்டுவில் அந்த அரை நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காண்டாமிருகம் தவறும், வேறெதுவும் தவறாது.